ரேடியோல எந்தப் பாட்டு ஓடணும்னு யார் முடிவு பண்றாங்க?

ஜூன் 4, இரவு 9.10 (கேள்வி)

எந்த எஃப்எம் எடுத்தாலும் காலைல கேட்ட அதே பாட்டு மத்தியானம், அதே பாட்டு திரும்ப சாயங்காலம். உலகத்துல லட்சக்கணக்குல ரெக்கார்டிங் இருக்கு, இவங்ககிட்ட இருக்கறது இருபதே பாட்டுதானா? ஆர்ஜேங்க சோம்பேறித்தனமா, இல்ல ரெக்கார்டு கம்பெனிக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டு போடறாங்களா? உள்ள வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஜூன் 4, இரவு 10.35

ஆர்ஜேவ முதல்ல விட்டுடுங்க, இதுல அவங்க கைல ஒண்ணுமே இல்ல. நான் ஒரு ஸ்டேஷன்ல ம்யூசிக் டிபார்ட்மென்ட்ல லாக் போடற வேலைல இருந்தவன், அதனால உள்ள நடக்கறத சொல்றேன். லாக்னா அன்னிக்கு 24 மணி நேரமும் எந்த நிமிஷம் எந்தப் பாட்டு, எங்க விளம்பரம், எங்க ஜிங்கிள்னு வரிசையா போட்ட லிஸ்ட். முந்தின நாளே முடிஞ்சிருக்கும், ஆர்ஜே உள்ள வர்றப்ப ஸ்க்ரீன்ல ரெடியா நிக்கும். பேச்சு நீண்டு போய் நேரம் இடிச்சா ஒரு பாட்டைத் தூக்கலாம், எதைத் தூக்கினோம்னு குறிச்சு வைக்கணும், அவ்ளோதான் அவங்களுக்கு இருக்கற சுதந்திரம். தனக்குப் பிடிச்ச பாட்டை நடுவுல சொருகறதெல்லாம் பெரும்பாலான கமர்ஷியல் ஸ்டேஷன்ல நடக்கற காரியம் இல்ல.

முடிவு பண்றது புரோகிராம் டைரக்டர், அவருக்குக் கீழ ம்யூசிக் மேனேஜர்னு ஒருத்தர். வாரத்துக்கு ஒரு மீட்டிங். புதுசா வந்தது குவிஞ்சு கிடக்கும், அதுல உள்ள போறது ரெண்டோ மூணோ, சில வாரம் ஒண்ணு கூட போகாது. ஏன்னா ஒண்ணு உள்ள போகணும்னா இன்னொண்ணு வெளிய வந்தாகணும். பிபிசி ரேடியோ 1லயும் இதே மாதிரிதான், ஏ லிஸ்ட், பி லிஸ்ட், சி லிஸ்ட்னு பிரிச்சு வாராவாரம் உக்காந்து பேசறாங்க.

அந்த மீட்டிங்ல "இது நல்ல பாட்டா"ன்னு கேட்டு நான் அதிகம் பாத்ததில்ல. "இது வந்தா கேக்கறவங்க ஸ்டேஷன மாத்திடுவாங்களா", கேள்வி அதுதான். உங்களுக்கு உயிரா இருக்கற ஒரு பாட்டு பத்துல நாலு பேரை மாத்த வைக்கும்னா அது வராது. யாருக்கும் பெருசா பிடிக்கல, ஆனா யாரும் மாத்தவும் மாட்டாங்கன்னா அது தாராளமா வரும்.

ஜூன் 5, காலை 7.20

இருபது பாட்டு விஷயத்துக்கு வரேன். லைப்ரரில ஆயிரக்கணக்குல இருக்கும், ஓடற லிஸ்ட்ல சில நூறுதான் இருக்கும், அந்த சில நூறும் சமமா ஓடாது. இப்ப உச்சத்துல இருக்கற அஞ்சாறு பாட்டு பவர். புதுசா உள்ள வந்தது தனி. உச்சம் முடிஞ்சு சில மாசம் ஆனது ரிக்கரன்ட். பழசு எல்லாம் கோல்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிளாக்னு ஒண்ணு வரைஞ்சு வெச்சிருப்பாங்க, இந்த இடத்துல பவர், அடுத்து கோல்டு, அடுத்து புதுசுன்னு. உங்க காதுல திரும்பத் திரும்ப விழறது அந்த பவர் மட்டும்தான், மத்ததெல்லாம் நாள் கணக்குல இடைவெளி விட்டு வரும், அதனால மனசுல நிக்காது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. மணிக்கு ரெண்டு பவர்னா ஒரு நாளைக்கு 48 இடம். பவர்ல 6 பாட்டு வெச்சா 48ஐ 6 மிச்சமில்லாம வகுத்துடும், அதாவது இன்னிக்குக் காலை 8 மணிக்கு வந்த பாட்டு நாளைக்கும் அதே 8 மணிக்கு அதே இடத்துல வந்து நிக்கும். தினம் அதே நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பறவர் தினம் அதே பாட்டைக் கேட்டு வெறுத்துப் போவாரு. அஞ்சு இல்ல ஏழு வெச்சா மிச்சம் விழும், பாட்டு நாளுக்கு நாள் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால பவர்ல எத்தனை பாட்டுங்கறத ரசனையும் முடிவு பண்ணல, கம்பெனியும் முடிவு பண்ணல, இந்த வகுத்தல் கணக்கு முடிவு பண்ணுது. ஆறாவதா ஒரு அருமையான பாட்டு இருந்து, அது பவருக்குப் போகாம நின்னதுக்கு இது மட்டுமே காரணமா இருந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஜூன் 5, காலை 8.05

சேத்துக்கறேன். இதையெல்லாம் இப்ப கையால போடறதில்ல, சாஃப்ட்வேர் போடுது, 1980கள்லயே செலக்டர்னு ஒண்ணு உலகம் பூரா பரவிடுச்சு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கார்டு இருக்கும்: குரல் ஆணா பெண்ணா, வேகம் எவ்ளோ, மூடு என்ன, எந்த வருஷம், பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எத்தனை செகண்ட் வெறும் இசை, முடியறப்ப மெதுவா மங்குதா இல்ல டக்குனு நிக்குதா. அந்த முன்னாடி செகண்ட்ஸ் ஆர்ஜேவுக்கு முக்கியம், 14 செகண்ட்னு போட்டிருந்தா 13ல பேச்சை முடிச்சாகணும்.

அப்புறம் ரூல்ஸ். ஒரே பாடகர் ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப வரக்கூடாது, ரெண்டு மெதுவான பாட்டு ஒட்டி வரக்கூடாது, நேத்து வந்த அதே நேரத்துல இன்னிக்கும் வரக்கூடாது. லிஸ்ட்ல பாதி ஒரே குரலா இருந்தா எல்லா ரூலையும் சேத்துக் காப்பாத்தவே முடியாது, சாஃப்ட்வேர் தோத்துப் போய் அந்த இடத்தைக் காலியா விட்டுடும். காலைல வந்து பாத்தா லாக்ல அங்கங்க வெறும் கோடா நிக்கும். அதை நிரப்பறது என் வேலை. முன்னாடி பாட்டு எப்படி முடியுது, அடுத்தது எப்படி ஆரம்பிக்குதுன்னு ஹெட்ஃபோன்ல கேட்டு, ரெண்டுக்கும் நடுவுல எது உக்காரும்னு தேடணும். முழுக்க முழுக்க ஒரு மனுஷனோட காது தேர்ந்தெடுத்த பாட்டுன்னா ஒரு நாள்ல அது மட்டும்தான். எந்த இடம்னு கேக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 5, மதியம் 1.15

"அப்ப நேயர் விருப்பம்?" நிறைய ஸ்டேஷன்ல ஃபோனை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்குவாங்க. லாக்ல ஏற்கெனவே இருக்கற பாட்டை யாராவது கேட்டிருந்தா அந்தக் குரலை எடுத்து அந்தப் பாட்டுக்கு முன்னாடி ஒட்டுவாங்க. லிஸ்ட்ல இல்லாத பாட்டைக் கேட்டவர் ஃபோன் ஒலிபரப்பாகாது. வாராவாரம் கூப்பிட்டு ஒரே பழைய பாட்டைக் கேக்கற ஒரு பெரியவர் இருந்தாரு, ரொம்பப் பொறுமையா பேசுவாரு, கடைசி வரைக்கும் அதைப் போட முடியல. அதை இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு ஆத்திரமாத்தான் வருது. நாலு நிமிஷம், அவ்ளோதான் கேட்டாரு.

ஜூன் 6, இரவு 11.40

ஜனங்க மாத்துவாங்களா இல்லையான்னு எப்படித் தெரியும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு வழி. ஒண்ணு ஃபோன்ல, ஹூக்னு சொல்ற அந்தப் பாட்டோட ரொம்பத் தெரிஞ்ச துண்டு, ஏழெட்டு செகண்ட், அதைப் போட்டுக் காட்டி தெரியுமா, பிடிக்குமா, அலுத்துப் போச்சான்னு கேக்கறது. இன்னொண்ணு ஒரு ஹால்ல ஆளுங்களை உக்கார வெச்சு நூத்துக்கணக்குல ஹூக் போட்டு மார்க் வாங்கறது, இது பழைய பாட்டுங்களுக்கு. இப்ப ரெண்டுமே ஆன்லைனுக்கு வந்துடுச்சு.

அலுத்துப் போச்சுங்கறதுக்கு பர்ன்னு பேரு. பர்ன் ஏறினா பாட்டு பவர்லேருந்து இறங்கும். ஆனா எப்பவுமே கேக்கறவங்களுக்கு முன்னாடி ஸ்டேஷன்காரங்களுக்கு அலுத்துடும், நாங்க நாள் பூரா கேக்கறோம், வெளிய இருக்கறவர் அதைத் துண்டு துண்டாத்தான் கேக்கறாரு. அதனால "எனக்கு அலுத்துப் போச்சு"ன்னு மீட்டிங்ல யாராவது சொன்னா அது செல்லாது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஹூக் டெஸ்ட்ல ஒரு பாட்டு மார்க் வாங்கணும்னா ஜனங்களுக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருக்கணும்னா ஓடியிருக்கணும். ஓடணும்னா மார்க் வேணும். 1968லயே ராபர்ட் ஸயான்ஸ்ங்கற உளவியலாளர் ஆராய்ச்சில காட்டினாரு, ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தாலே, கேட்டாலே அது மேல ஒரு பிரியம் வந்துடும்னு. அப்ப இந்த டெஸ்ட் அளக்கறது பாட்டோட தரத்தை இல்ல, நாங்க ஏற்கெனவே எத்தனை தடவை போட்டோம்ங்கறதைத்தான் பெரும்பாலும் அளக்குது. நம்ம எதிரொலியை நாமளே கேட்டுட்டு ஜனங்க பேசறாங்கன்னு எழுதி வெச்சுக்கறோம்.

"எங்க லிஸ்ட் மக்கள் விருப்பம்"னு ஒரு ஸ்டேஷன் சொன்னா அது பொய் இல்ல. ஆனா அந்த மக்கள்கிட்ட காட்டப்படாத பாட்டு எத்தனைன்னு அந்த ரிப்போர்ட்ல எங்கயும் இருக்காது.

ஜூன் 7, காலை 6.50

கேக்கறவங்களை எப்படி எண்றாங்கங்கறதும் பாட்டை மாத்தும். அமெரிக்காவுல ரொம்ப காலம் டைரிதான், எந்த ஸ்டேஷன் கேட்டேன்னு ஜனங்களே எழுதணும். 2007லேருந்து பெரிய ஊர்கள்ல உடம்புல மாட்டிக்கற ஒரு மீட்டர், பிபிஎம்னு, ஒலிபரப்புக்குள்ள மனுஷக் காதுக்குக் கேக்காத ஒரு கோட் வெச்சிருப்பாங்க, அதை அது பிடிக்கும். டைரில யாரும் "ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு மாத்திட்டேன்"னு எழுத மாட்டாங்க. மீட்டர் எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும். எந்தப் பாட்டு நடுவுல கூட்டம் கலையுதுன்னு தெரிய ஆரம்பிச்சதும் தெரியாத பாட்டைப் போடற துணிச்சல் இன்னும் சுருங்கிப் போச்சு.

இன்னொண்ணு, அங்க கணக்கு கால் மணி நேரமா நடக்குது. ஒரு கால் மணில அஞ்சு நிமிஷம் (2025லேருந்து மீட்டர் இருக்கற ஊர்கள்ல மூணு நிமிஷம்) கேட்டா அந்தக் கால் மணி முழுக்க அந்த ஸ்டேஷன் கணக்குல ஏறும். அதனால விளம்பரத்தை ஒவ்வொரு மணிலயும் 20ஆவது, 50ஆவது நிமிஷத்துக்குப் பக்கமா தள்ளிட்டு, 00, 15, 30, 45 தாண்டற இடத்துல பலமான பாட்டை வைப்பாங்க. அடுத்த தடவை வாட்சைப் பாத்துட்டுக் கேளுங்க, மணி அடிச்சதும் வர்ற பாட்டு எதுன்னு.

ஜூன் 8, இரவு 9.30

"இவ்ளோ பேசறீங்க, காசைப் பத்தி வாயே திறக்கல"ன்னு ஒருத்தர் கேட்டுட்டாரு. சரி.

காசு வாங்கிட்டுப் போட்ட காலம் உண்டு, ஆவணமே இருக்கு. 1950கள்ல அமெரிக்காவுல பாட்டைத் தேர்ந்தெடுத்தது டிஜேங்கதான், கம்பெனிங்க அவங்களைக் கவனிச்சாங்க, பேயோலான்னு பேரு. 1959, 60ல அமெரிக்க நாடாளுமன்றத்துல விசாரணை. ராக் அண்ட் ரோலை ஊரறியப் பண்ணின ஆலன் ஃப்ரீடுக்கு வேலை போச்சு, 1962ல குற்றத்தை ஒத்துக்கிட்டாரு, அபராதம் 300 டாலர்தான், ஆனா வாழ்க்கை அதோட முடிஞ்சு போச்சு, 1965ல செத்துப் போனாரு. 1960ல சட்டம் வந்துச்சு. கவனிங்க, காசு வாங்கிட்டுப் போடறதையே அந்தச் சட்டம் தடுக்கல, காசு வாங்கினதை ஒலிபரப்புல சொல்லாம மறைக்கறதைத்தான் குற்றமாக்குச்சு.

அதோட விளைவுதான் எனக்கு முக்கியமா படுது. இனிமே டிஜே கைல விட்டா ஆபத்துன்னு ஓனருங்க தேர்வை புரோகிராம் டைரக்டர் கைக்கு மாத்திட்டாங்க. பிரபலமான கொஞ்சம் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடற டாப் 40ங்கற முறை அதுக்கு முன்னாடியே, டாட் ஸ்டோர்ஸ்ங்கற ஸ்டேஷன் ஓனர் மாதிரி ஆளுங்க கைல, நல்லா வேரூன்றிடுச்சு, ஜூக்பாக்ஸ்ல ஜனங்க ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடறதைக் கவனிச்சுத்தான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. ரெண்டும் சேந்ததும் டிஜே வெறும் குரலாயிட்டாரு. நூறு பேரை விலைக்கு வாங்க வேண்டிய இடத்துல ஒருத்தரைப் பாத்தா போதும்னு ஆச்சு.

காசும் ஒழியல, வேஷம் மாறுச்சு. நடுவுல, கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டு ஸ்டேஷன்ல பாட்டைத் தள்ளிவிடற புரமோட்டருங்க வந்தாங்க. 2005ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் விசாரிச்சப்ப சோனி பிஎம்ஜிங்கற ரெக்கார்டு கம்பெனி 1 கோடி டாலர் கட்டி சமரசத்துக்கு வந்துச்சு, அப்புறம் வார்னர், யுனிவர்சல். 2007ல நாலு பெரிய ரேடியோ கம்பெனிங்க சேந்து, ஒலிபரப்பைக் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்சிசிக்கு 1.25 கோடி டாலர் கட்டினாங்க.

நான் இருந்த இடத்துல கையில காசு கொடுத்து நான் பாக்கல. பாத்தது வேற: "இந்தப் பாட்டை எடுத்துக்கிட்டா அந்தப் பெரிய பாடகரோட இன்டர்வியூ முதல்ல உங்களுக்குத்தான்", "உங்க நேயர்களுக்குக் கச்சேரி டிக்கெட் தரோம்". இதுல எது லஞ்சம், எது வியாபாரம்னு கோடு போட முயற்சி பண்ணிப் பாருங்க, கஷ்டம். என் வரைக்கும் ஒரு அளவுகோல்தான், கேக்கறவருக்கு அதைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாதுன்னா அது லஞ்சம்.



 

ஜூன் 11, இரவு 10.15

அரசாங்கம் தலையிட்டா சரியாகிடுமா? பாதி ஆகும்.

கனடால 1971லேருந்து ஓடற பாட்டுல 30 சதவீதம் கனடாவோடதா இருக்கணும்னு விதி, 1990கள் கடைசில 35 ஆக்கினாங்க. எது கனடாவோடதுன்னு பாக்க நாலு கேள்வி: இசையமைச்சவர், பாடினவர், பதிவு நடந்த இடம், பாட்டெழுதினவர், இதுல குறைஞ்சது ரெண்டு கனடாவோடதா இருக்கணும். ஸ்டேஷன்காரங்க என்ன பண்ணினாங்க, அந்தப் பாட்டையெல்லாம் ஊர் தூங்கற நேரத்துல கொட்டினாங்க. அதனால திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் காலை 6லேருந்து மாலை 6க்குள்ளயும் அதே 35 வரணும்னு விதிய இறுக்கினாங்க.

பிரான்ஸ்ல 1994 சட்டம், 1996லேருந்து அமல், 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டு, அதுல பாதி புதுக் கலைஞர்கள் இல்ல புதுப் பாட்டு. அங்கயும் ஸ்டேஷன்காரங்க பத்தே பத்து பிரெஞ்சுப் பாட்டை எடுத்து நாள் பூரா சுத்தி விட்டுக் கணக்கை நிரப்பினாங்க. 2016ல திருத்தம்: அதிகம் ஓடற பத்துப் பாட்டே பிரெஞ்சுப் பங்குல பாதிக்கு மேல போனா, மேல போனது கணக்குல சேராது.

இத எதுக்கு சொல்றேன்னா, ரெண்டு நாட்டுலயும் விதி மேல எனக்கு மரியாதை இருக்கு, அது இல்லன்னா பல பேர் குரலே வெளிய வந்திருக்காது. ஆனா அந்த "மாத்திடுவாங்களோ"ங்கற பயம் எந்த விதிக்குள்ளயும் ஒரு சந்து கண்டுபிடிக்கும்.

ஜூன் 12, மதியம் 2.40

"பழைய அரசு ரேடியோல இந்தப் பயம் இல்லையே, அது பொற்காலம்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. ஐயா, அங்க பயம் இல்ல, அதிகாரம் இருந்துச்சு. 1952ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்ததும் ஆல் இந்தியா ரேடியோல சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமப் போச்சு. ஜனங்க அப்படியே ரேடியோ சிலோனுக்குத் திருப்பினாங்க. 1957 அக்டோபர் 3ல விவித பாரதி ஆரம்பிச்சது அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூப்பிடத்தான். ஆர்மோனியத்தையே 1940லேருந்து 1971 வரைக்கும் ஒலிபரப்புல சேக்காம வெச்சிருந்தது அந்த ஆல் இந்தியா ரேடியோ.

ஆனா தடை சில நேரம் நல்லதும் பண்ணும். பிரிட்டன்ல இசைக்கலைஞர் சங்கம் கேட்டு, ரெக்கார்டு போடற நேரத்துக்கு பிபிசில உச்சவரம்பு இருந்துச்சு, 1988 வரைக்கும். ரெக்கார்டு போட முடியாத நேரத்தை எப்படி நிரப்பறது? ஆளுங்களை ஸ்டுடியோவுக்கே கூப்பிட்டுப் பாட வெச்சாங்க. 1967லேருந்து 2004ல சாகற வரைக்கும் ஜான் பீல்ங்கற டிஜே ரேடியோ 1ல போட்ட ஸ்டுடியோ செஷன்லாம் அப்படிப் பொறந்த வழக்கம்தான். யாருக்கும் தெரியாத ஆளுங்களை அவர் காது மட்டும் வெச்சுத் தேர்ந்தெடுத்தாரு. ஒருத்தர் காதை நம்பி இடம் கொடுத்த ஸ்டேஷன்ல என்ன நடக்கும்ங்கறதுக்கு அதை விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியல.

ஜூன் 15, இரவு 12.20

ஹூக் டெஸ்ட் பத்தி எழுதினதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எதிரொலி பிரச்சனை ஒரு பக்கம், அதை விட ஆழமான ஒண்ணு இருக்கு. ஏழு செகண்ட்ல தன்னைக் காட்டிக்க முடியாத பாட்டு என்ன பண்ணும்?

ஒரு ரெக்கார்டிங் எங்ககிட்ட வந்துச்சு. குரல் வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட வெறும் ஒத்தைக் கருவி. திரும்பத் திரும்ப வர்ற பல்லவின்னு ஒண்ணு கிடையாது, மூணாவது நிமிஷம் பாடறவர் ஒரே ஒரு தடவை மேல ஏறிட்டு இறங்குவாரு, அந்த ஏற்றத்துக்காகத்தான் முன்னாடி இருக்கறது எல்லாமே. டெஸ்டுக்கு அனுப்பணும்னா அந்த ஏற்றத்தை மட்டும் வெட்டி எடுக்கணும். எடுத்துக் கேட்டேன், யாரோ திடீர்னு கத்தற மாதிரி இருந்துச்சு. முன்னாடி இருக்கற அமைதியோட கேட்டாத்தான் அதுக்கு அர்த்தமே. வெட்டி அனுப்ப மாட்டேன்னுட்டேன். டெஸ்ட் இல்லன்னா பகல் லிஸ்ட்ல இடம் இல்ல, ராத்திரி 11க்கு மேல ஒரு கோல்டு கிளாக்ல காலியா நின்ன இடத்துல வெச்சேன். ரூல்படி அது தப்பும் இல்ல.

அப்புறம் கேக்கறவங்ககிட்டேருந்து ஃபோன் வந்துச்சு, "அது என்ன பாட்டு"ன்னு. பிடிச்சிருக்குன்னு சொன்னவங்களை விட பேர் என்னன்னு கேட்டவங்கதான் அதிகம். இப்பல்லாம் புரோகிராம் டைரக்டருங்க ஷாஸாம்ல, அதாவது ஓடற பாட்டைக் கேட்டு அது என்னன்னு சொல்ற ஆப்ல, எந்தப் பாட்டை ஜனங்க தேடறாங்கன்னு பாக்கறாங்க இல்ல, அது இதே கேள்விதான். தெரியாத பாட்டுக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாருங்கறதுக்கு அதுதான் ஆதாரம். ஹூக் டெஸ்ட்ல அது வரவே வராது. எந்த ஸ்டேஷனாவது இந்த ஒரு எண்ணை மீட்டிங் மேஜைல முதல் பக்கத்துல வெச்சா லிஸ்ட் மாறும்னு நான் முழுசா நம்பறேன்.

ஜூன் 16, காலை 7.45

சொந்தமா பாட்டு பண்ற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு, எப்படி உள்ள வர்றதுன்னு. தம்பி, புரோகிராம் டைரக்டருக்கு அனுப்பாதீங்க, அந்தக் குவியல்ல உங்க பாட்டை முழுசா கேக்க நேரமே இருக்காது. வாரத்துக்கு ஒரு தடவை ராத்திரி தனி நிகழ்ச்சி நடத்தறவங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க, சமுதாய வானொலி, கல்லூரி வானொலில கண்டிப்பா இருப்பாங்க, அவங்களுக்கு லாக்கை மீறற உரிமை உண்டு. அந்த நிகழ்ச்சிய ரெண்டு மூணு வாரம் கேட்டுட்டு, எந்தப் பாட்டுக்குப் பக்கத்துல உங்களோடது உக்காரும்னு ஒரே வரில எழுதி அனுப்புங்க. ஃபைல் எம்பி3யா இல்லாம முழுத் தரத்துல இருக்கட்டும். ஃபைல் பேர்லயே பாட்டு பேரு, பாடினவர், இசை, வரிகள் எல்லாம் இருக்கணும், ராயல்டி கணக்கு அந்தப் பேர்லேருந்துதான் போகும். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எத்தனை செகண்ட், எப்படி முடியுதுங்கறதையும் போட்டுடுங்க, லாக் போடறவர் கார்டு நிரப்பற வேலை மிச்சம்.

ரேடியோவுக்காக முன்னிசைய வெட்டி ஒரு சின்ன வடிவம் பண்ணலாமான்னும் கேட்டீங்க. பண்ணுங்க, ஆனா முழுசையும் சேத்தே அனுப்புங்க. காலி இடம் எவ்ளோ நீளம்னு அனுப்பறப்ப யாருக்கும் தெரியாது.